சாயப்பட்டறைக்கு வந்த கீரை

ஒரு திங்கட்கிழமை காலை, பாலிதீன் கவருக்குள் ஓர் இலை எங்கள் லேப்புக்கு வந்து சேர்ந்தது.

கவரோடு ஆர்டர் அட்டையைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தார்கள். 'இணைத்துள்ள மாதிரிப்படி நிறம்' என்று அட்டையில் எழுதியிருந்தது. இலை என் உள்ளங்கை நீளம் இருக்கும். ஓரத்தில் யாரோ கடித்த தடம். நிறம் என்னவென்றால், புளியைக் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் பாசியைக் கலந்த மாதிரி. கவரைப் பிரித்ததும் எழுந்த வாடையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன். காலைப் பலகாரத்தோடு இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பில் இருந்தேன். துணி வாங்குகிறவர் ஒரு நிறத்தைக் காட்டுவார். அதே நிறத்தைக் கைக்குட்டை அளவு பனியன் துணியில் ஏற்றிக் காட்டுவது என் வேலை. அந்தத் துண்டுக்கு லேப் டிப் என்று பெயர். அதில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் டன் கணக்கில் துணி சாயத் தொட்டிக்குள் இறங்கும்.

லேப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், மாதிரியோடு வாக்குவாதம் செய்யாதே என்பது. சட்டைப் பொத்தான் மாதிரியாக வந்திருக்கிறது. உதட்டுச்சாயம் ஒட்டிய காகிதம் வந்திருக்கிறது. நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டைகூட ஒருமுறை வந்தது. வந்தது எதுவோ அதுவே வேதம்.

ஆகவே மூன்று நாள் உட்கார்ந்து அந்த இலையின் நிறத்தைத் துணியில் கொண்டுவந்தேன். மஞ்சள், நீலம், அதை மங்கவைக்கச் சிவப்பு. விளக்குப் பெட்டிக்குள் வைத்து எல்லா வெளிச்சத்திலும் பார்த்தேன். இலை எது, துணி எது என்று பெற்ற தாயே வந்தாலும் சொல்ல முடியாது. எனக்கு அதில் ஒரு கர்வமே வந்துவிட்டது.

பத்து நாள் கழித்து வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. 'இது என்ன?' என்று ஒரு வரி. அதன் கீழே, 'நான் கேட்டது பச்சை' என்று இன்னொரு வரி.

டேங்க் கவரில் இரண்டு நாள்

விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. குழந்தைகளுக்கான உடுப்பு வாங்க ஐரோப்பாவிலிருந்து ஓர் அம்மாள் வருவார். எங்களுக்கு அவர் 'மேடம்'. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏற்றுமதி கம்பெனியில், கோயமுத்தூர் ஓட்டலிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைப் பிரித்திருக்கிறார். அதில் பச்சை இலைகள். ஒன்றை எடுத்து ஒரு கடி கடித்தவர், சன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, எனக்கு இந்தப் பச்சைதான் வேண்டும் என்று பக்கத்திலிருந்த பிரபுவிடம் நீட்டிவிட்டார். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவன்.

பிரபு அதைக் கவரில் போட்டுத் தன் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் கவருக்குள் செருகினான். மறுநாள் ஞாயிறு. இலையும் அவனோடு சினிமா பார்க்கப் போய்விட்டுத் திங்கட்கிழமை எங்களிடம் வந்தது.

"மேடம் குடுத்தப்போ பச்சையாத்தானுங்ணா இருந்துச்சு" என்றான் பிரபு.

முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"அந்தோணி, அது அழுகுன எலைன்னு உனக்குத் தெரியலியாப்பா?"

"தெரிஞ்சது முதலாளி. ஆனா மாதிரின்னு அதான வந்துச்சு."

"கண்ணு இருந்தாப் போதாதப்பா. தை கடைசியில அந்தம்மா நேர்ல வருது. அன்னைக்குச் சரியான பச்சை மேசை மேல இருக்கோணும். இல்லீன்னா நீ மறுபடி தொட்டிக்கே போயிரு."

தொட்டி என்றால் என்னவென்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சாத்தூர்ப் பக்கமிருந்து மஞ்சப்பையோடு வந்த நான், ஆறு வருடம் அங்கேதான் கிடந்தேன். ஆவி, ஈரம், உப்பு மூட்டை. முழங்கை வரை ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கக் கை நீட்டக் கூச்சமாக இருக்கும். அங்கிருந்து ஏறி லேப்பின் நாற்காலிக்கு வந்தவன் நான்.

நிறத்துக்கு எண் போட்ட புத்தகம் ஒன்று உண்டு, அதிலிருந்து ஒரு எண்ணாவது சொல்லுங்கள் என்று ஃபேக்ஸ் அனுப்பிப் பார்த்தோம். 'எண் இல்லை. அந்த இலைதான்' என்று பதில் வந்தது. அந்த அம்மாளுக்கும் என்னைப் போலவே மாதிரிதான் வேதம் போலிருக்கிறது.

இலையின் பெயர் ரோமெய்ன் லெட்யூஸ் என்று பிரபு கண்டுபிடித்து வந்தான். திருப்பூர்ச் சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் சிரித்தார்கள். கோயமுத்தூரில் ஒரு கடையில் ஊட்டிச் சரக்கு கிடைத்தது. பஸ்ஸில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. வாடிய இலையோடு இன்னொரு முறை மோத எனக்குத் தெம்பில்லை.

சாந்தாமணியின் தோட்டம்

சாந்தாமணி என் மனைவி. காங்கேயத்துப் பக்கம். கல்யாணத்துக்கு முன் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, தைத்து வரும் துணியைப் புரட்டிப் புரட்டி ஓட்டை, கறை, தையல் விட்டது எல்லாம் கண்டுபிடிக்கும் வேலை. வீட்டிலும் அந்தப் பழக்கம் போகாது. என் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் போடவிட மாட்டாள். நான் வேதக்காரன், அவள் முருகனைக் கும்பிடுகிறவள். இரண்டு வீட்டிலும் வேண்டாம் என்றபோதும் என்னைக் கட்டிக்கொண்டாள். "திருப்பித் திருப்பிப் பாத்துத்தானுங்க பாஸ் போட்டேன்" என்பாள்.

தொட்டி விஷயத்தை அவளிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டவள், "வெதை கெடைக்குமுங்களா?" என்றாள்.

அப்போது திருமுருகன்பூண்டியில் வாடகை வீடு. பின்னால் துவைக்கிற கல், ஒரு கறிவேப்பிலை மரம், அதையொட்டிக் கட்டில் போடுகிற அளவுக்கு மண். சுவருக்கு அந்தப் பக்கம் சாமி சிலை செதுக்கும் பட்டறை. சாயம் வந்த டிரம்மைப் பாதியாக அறுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். "திங்கிற பொருள அதுலயா வெப்பாங்க?" என்று ஒரு பார்வை பார்த்தாள். இதை நாம் தின்னப்போவதில்லையே என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன்.

கோயமுத்தூரிலிருந்து விதைப் பாக்கெட் வாங்கிவந்து கொடுத்தேன். முதல் தடவை அவரைக்கு ஊன்றுவதுபோல விரலால் குழி போட்டு விதைத்தாள். ஒன்றும் வரவில்லை. இரண்டாம் தடவை மேலாகத் தூவினாள். எறும்பு கொண்டுபோய்விட்டது. மூன்றாவது தடவை பாக்கெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"குளுரு நாட்டுச் சரக்குங்க. இந்த வெக்கைக்கு மெரளுது."

ஈரமான பனியன் துணியில் விதையை முடிந்து, தண்ணீர்ப் பானைக்கு அடியில் கசிவு படுகிற இடத்தில் வைத்தாள். ஐந்தாம் நாள் வெள்ளை வெள்ளையாக முளை. அதை எடுத்துப் பாத்தியில் வைத்து, மண்ணை உப்புத் தூவுவதுபோல மேலே தூவினாள். அதற்குப் பிறகு எறும்பைக் காவல் காத்தது நான்.

அடுத்து தண்ணீர். எங்கள் ஊரில் இரண்டு தண்ணீர். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி. குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வருவது நல்ல தண்ணி. உப்புத் தண்ணீரை ஊற்றியதும் இலை ஓரமெல்லாம் கருகியது. அந்த நிலத்தடித் தண்ணீர் கெட்டதில் சாயத் தொழிலுக்குப் பங்கு உண்டு. அதில் சம்பளம் வாங்கியவன் என்ற முறையில் எனக்கும் உண்டு. கருகிய இலையைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாளிலிருந்து கீரைக்கு நல்ல தண்ணி.

"புருசன் குளிக்க உப்புத் தண்ணி, கீரைக்கு நல்ல தண்ணியா?" என்று கேட்டேன்.

"நீங்க இத்தன வருசமாக் கெடாம இருக்கறீங்க. அது நாலு நாள்ல போயிருமுங்க" என்றாள்.

கல்தூசி இன்னொரு தொல்லை. விடிந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் உளிச்சத்தம் தொடங்கும். மத்தியானத்துக்குள் இலைமேல் சாம்பல் பூத்துவிடும். சாந்தாமணி வேஸ்ட் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். சிற்பி ஒருவர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "நாங்க பிள்ளையாரக்கூட இப்படித் தொடைக்கறதில்லீங்களே அம்மிணி" என்றார்.

மார்கழிக் குளிருக்குச் செடி குதூகலமாகிவிட்டது. நம் ஊர்க் கீரைபோலப் பரவிக் கிடக்காமல், இலையெல்லாம் கும்பிடுகிற கைபோல ஒன்றையொன்று ஒட்டி நிமிர்ந்து நின்றன. மொத்தம் பதினான்கு செடி. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை போய் நின்று பார்ப்பேன். தொட்டி, முதலாளி எல்லாம் அந்தக் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

எந்தப் பச்சை?

பொங்கல் முடிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஒரு செடியில் ஒரு பச்சை இல்லை. வெளிச் சுற்று இலை கரும்பச்சை. உள்ளே போகப்போக வெளுத்து, நடுக்குருத்து வெண்ணெய் நிறத்துக்கு வந்துவிடுகிறது. இதில் மேடம் கடித்தது எதை?

பிரபுவைக் கேட்டேன். "பச்சைங்ணா. நல்ல பச்சை" என்றான்.

தினம் ஓர் இலையைக் கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து டி.வி.எஸ். ஃபிப்டியில் லேப்புக்குக் கொண்டுபோவேன். ஒவ்வொன்றையும் அச்சு அசலாகத் துணியில் கொண்டுவந்தேன். பதினோரு பச்சை ஆயிற்று. ஆனால் வாங்குகிறவருக்கு மூன்று துண்டுதான் காட்டலாம். அந்த மூன்றும் ஒரே நிறத்தின் அண்ணன் தம்பியாக இருக்கவேண்டும். பதினொன்றையும் பரப்பினால், எனக்கே தெரியவில்லை என்று நானே எழுதிக்கொடுத்த மாதிரி.

ஒரு சாயங்காலம் பதினொன்றையும் கட்டிலில் பரப்பிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேடம் வர இரண்டு வாரம்கூட இல்லை. தினம் இலை கிள்ளுவதில் என்மேல் கோபமாக இருந்த சாந்தாமணி, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"மொதல்ல ஒண்ணு பண்ணி அனுப்புனீங்களே, அந்தப் புளித்தண்ணி கலரு. அது இருக்குதுங்களா?"

"லேப்ல ஒரு துண்டு இருக்கு. அது எதுக்கு இப்போ? நான் பட்ட அவமானம் போதாதா?"

"தொவைச்ச துணியோட அளவு தெரிஞ்சா, தொவைக்காத அளவு தெரியாதுங்களா?"

எனக்குப் புரியவில்லை. அவள் உட்கார்ந்து விளக்கினாள். பனியனைத் துவைத்தால் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்று பார்க்க, கம்பெனியில் அளந்து, துவைத்து, மறுபடி அளப்பார்கள். அதைத்தான் சொல்கிறாள்.

"அந்த எலை அழுகி இந்தக் கலருக்கு வந்துச்சு. நீங்க அத அப்படியே துணியில புடிச்சு வெச்சிருக்கறீங்க. இப்ப ஒவ்வொரு சுத்துலயும் ஒரு எலையக் கிள்ளி அதே மாதிரி அழுக வெப்பமுங்க. எது இந்தக் கலருக்கு வருதோ, அதத்தான் அந்தம்மா கடிச்சிருக்கோணும்."

இத்தனை வருடம் சாயத்தோடு புழங்கியவனுக்கு அந்த யோசனை வரவில்லை.

பிரபுவிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று போலீஸ்காரி மாதிரி எனக்குப் பட்டியல் சொல்லி அனுப்பினாள். என்ன கவர், எத்தனை மணிக்குப் போட்டான், பைக் எங்கெங்கே வெயிலில் நின்றது. எதற்கென்று சொல்லாமல் அவனுடைய டேங்க் கவரையும் இரவல் வாங்கிவந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வெளியிலிருந்து உள்ளே ஆறு சுற்று, ஆறு இலை. கவரில் போடுமுன் ஒவ்வொன்றையும் அவள் ஓரத்தில் ஒரு கடி கடித்தாள்.

"இது எதுக்கு?"

"கடிக்காம வெச்சா ஒத்து வராதுங்க." மென்று பார்த்துவிட்டு, "தண்ணியக் கடிச்ச மாதிரி இருக்குது. இதத் தின்னா அந்தம்மாவுக்குப் பசியாறுது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு கவரும் டேங்க் கவருக்குள் என் வண்டியில் ஊர் சுற்றின. சினிமாக் கொட்டகை வாசலில் வண்டியை மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு, படம் பார்க்காமல் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் இலை அழுகிய ஐப்பசி வெயிலும் இந்தத் தை வெயிலும் ஒன்றா என்று எனக்குள் ஒரு சந்தேகம். சாந்தாமணியிடம் கேட்டதற்கு, "கிட்ட வந்தாப் போதுமுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலை துவைக்கிற கல்லின் மேல் ஆறு கவரையும் பிரித்தோம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, லேப்பிலிருந்து கொண்டுவந்த பழைய துண்டை ஒவ்வொன்றின் மேலும் வைத்தாள். முதல் இலை கறுத்திருந்தது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் தேவலை. மூன்றாவதில் பாசி கூடுதல். நான்காவதன் மேல் துண்டை வைத்தபோது, துணி எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடைசி இரண்டும் மஞ்சள் பூத்துக் கிடந்தன.

"நாலாவது சுத்துங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கல்லைக் கழுவப் போய்விட்டாள்.

என் வாய் சொன்னது

நான்காம் சுற்றில் புது இலை கிள்ளி மூன்று துண்டு போட்டேன். மேடம் வந்தார். ஒரு செடியைப் பெயிண்ட் வாளியில் மண்ணோடு தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் நின்றேன்.

மேடம் நடுத் துண்டை எடுத்தார். சன்னலுக்குப் போனார். திருப்பிப் பார்த்தார். செடியைப் பார்க்கவே இல்லை. 'இதுதான்' என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் வாளியைக் கவனித்து, சிரித்து, ஓர் இலையைப் பறித்து நின்றபடியே தின்றார்.

முதலாளிக்கு முகமெல்லாம் பல். "எப்படியப்பா புடிச்சே?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கண்ணுதான் முதலாளி. இத்தன வருசப் பழக்கம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? கண் மட்டும் போதாது என்று அதே முதலாளி வாயால் கேட்டவன் நான். என் பெண்டாட்டி துவைக்கிற கல்லில் இலையை அழுகவைத்துக் கண்டுபிடித்தாள் என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல வாய் வரவில்லை. அன்று முதல் பட்டறையில் எனக்குக் 'கண்ணு அந்தோணி' என்று பெயர். லேப் நாற்காலி எனக்கே என்று ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "நாம அழுக வெச்சுப் பாத்ததச் சொன்னீங்களா?"

"சொன்னேன். முதலாளியே அசந்துபோயிட்டார்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. உடனே காசு எடுத்துக்கொண்டு தெருமுனை ஒரு ரூபாய் போனுக்குப் போனாள். ஊரிலிருக்கும் தங்கையிடம், "மொதலாளியே அசந்துபோயிட்டாராமா" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது வாசல் வரை கேட்டது.

மாசி வெயிலில் செடிகள் தண்டு விட்டு உயர்ந்தன. தண்டங்கீரைபோல இருக்கிறதே என்று ஒரு நாள் கடைந்து பார்த்தாள். வேப்பங்கொழுந்துக்கு அண்ணன். மஞ்சளாகப் பூத்து, காய்ந்து, அத்தோடு எங்கள் தோட்டம் முடிந்தது.

ஆயுத பூசையன்று

அந்த வருட ஆயுத பூசைக்கு எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கையில் பொரிகடலையோடு நாங்கள் நின்றிருந்த இடத்துக்கு முதலாளி வந்தார்.

"அம்மிணி, உன்ற ஊட்டுக்காரனுக்கு இருக்கறது கண்ணில்ல, வைரம். அழுகுன எலைதான் கெடைச்சுது. வேற யாரையும் கேக்கல. தன் கண்ணாலயே பச்சையப் புடிச்சுப்போட்டான்."

நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாந்தாமணி என் பக்கம் திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டையைக் கண்டுவிட்ட செக்கிங்காரியின் பார்வை. பிறகு முதலாளியிடம் சொன்னாள்:

"ஆமாங்க. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமுங்க."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில், அவிநாசி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டேன். "சாந்தா, நான் அன்னைக்குச் சொல்லல. என் கண்ணுன்னுதான் சொன்னேன். தப்புதான்."

"தெரியுதுங்க. வண்டிய எடுங்க, பின்னால லாரி நிக்குது."

எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"தங்கச்சிகிட்டச் சொல்லிப்போட்டனுங்க. அதான் ஒரு மாதிரியா இருக்குது."

வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பின்னாலும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக முதலாளியின் அறைக்குப் போனேன். டேங்க் கவரிலிருந்து துவைக்கிற கல் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"தான் செஞ்சதப் பொண்டாட்டி செஞ்சான்னு சொல்ல எவனுக்கப்பா மனசு வரும்? நீ பெரிய மனுசன்" என்றார்.

இல்லை முதலாளி, நிஜமாகவே அவள்தான் என்றேன். அவர் இன்னும் உருகிவிட்டார். மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். அதுவரை எனக்குக் கண் மட்டும்தான் பெரிதாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மனசும் பெரிதாகிவிட்டது.

ஆகவே அச்சில் எழுதிவைக்கிறேன். அந்தப் பச்சையைக் கண்டுபிடித்தவள் சாந்தாமணி. நான் சாயம் கலந்தேன், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு என் நல்ல மனசைப் பாராட்டி யாரும் கடிதம் போடவேண்டாம். போடுவதாக இருந்தால் உறையின் மேல் அவள் பெயரை எழுதிப் போடுங்கள். அவள் அதைத் தங்கையிடம் காட்டவேண்டும்.